மலைப்பாதையில் பையோடு சைக்கிள்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறு கண்டுபிடிப்பது

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் அல்லது கோத்தகிரி, ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை, காரவள்ளியிலிருந்து 70 வளைவு ஏறி கொல்லிமலை, போடியிலிருந்து 17 வளைவு ஏறி போடிமெட்டு. இந்த மாதிரிப் பாதைகளில் பின்னால் பை கட்டிக்கொண்டு போகிறவர்களுக்காக எழுதியது இது. சமவெளியில் மாதக்கணக்கில் ஓடியும் வாய் திறக்காத கோளாறு, முதல் பத்து கிலோமீட்டர் ஏற்றத்தில் பேச ஆரம்பித்துவிடும்.

வழியில் சந்திக்கும் வரிசைப்படி ஏற்றத்தை முதலில் வைத்திருக்கிறோம். ஆனால் ஏறும்போது வரும் கோளாறு பெரும்பாலும் நேரத்தைத்தான் தின்னும். இறங்கும்போது வருவது உயிரோடு விளையாடும். படிக்க நேரமில்லாதவர்கள் நேராக இறக்கத்துக்குப் போய்விடலாம்.

ஏறும்போது

கடைசி கியருக்கு வந்தும் மிதிக்க முடியவில்லை

காலைக் குறை சொல்வதற்கு முன் பல்லை எண்ணுங்கள். முன்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைப் பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். முன் 34, பின் 34 என்றால் 1. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 7.8 கி.மீ. ஆள் 65 கிலோ, சைக்கிள் 15, பை 12, ஆக 92 கிலோ என்று வைத்தால் 6 சதவீத ஏற்றத்தில் இதற்கு 130 வாட் வேண்டும். ஓரளவு பழகியவரால் இதைத் தொடர்ந்து தர முடியும். அதே கியரில் 10 சதவீதம் வந்தால் 210 வாட். அங்கேதான் மூச்சு வாங்கி நிற்கிறோம். முன் 26, பின் 36 இருந்தால் விகிதம் 0.72, 10 சதவீதத்திலும் 150 வாட்டில் உருட்டிவிடலாம், வேகம் மட்டும் 5.6 கி.மீ. ஆகிவிடும். பையோடு மலை ஏறுகிறவருக்கு விகிதம் 0.8-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. சாலைப் பந்தய சைக்கிளில் வரும் 34க்கு 28 (விகிதம் 1.2) சுமையோடு சரிப்படாது.

கேசட்டை (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கை) மாற்றுவதுதான் மலிவான வழி. பின் டீரெய்லர் (செயினைப் பல் மாற்றும் கருவி) எத்தனை பல் வரை தாங்கும் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பெரிய கேசட் போட்டால் செயினும் நீளமாக வேண்டும். பழைய நீளத்திலேயே விட்டால், முன்னும் பின்னும் பெரிய பல்லில் விழும்போது செயின் இறுகி டீரெய்லரைப் பிய்த்துவிடும்.

கியர் சரியாக இருந்தும் வளைவில் மட்டும் நின்றுபோகிறதா? நம் ஊரில் இடப்புறமாக ஓட்டுகிறோம். ஏறும்போது வலப்புறம் திரும்பும் கொண்டை ஊசியில் நமக்கு வெளிவட்டம் கிடைக்கும், அது மட்டம். இடப்புறம் திரும்பும் வளைவில் உள்வட்டம், அது சுவர் மாதிரி எழும். கியரை அந்த வளைவுக்கு இருபது மீட்டர் முன்பே இறக்கிவிடுங்கள். மேலிருந்து வண்டி வரவில்லை என்று கண்ணால் பார்த்து, காதால் கேட்டு உறுதியானால் மட்டும் கொஞ்சம் வெளியே எடுத்து ஏறலாம். பஸ் வருகிற சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரம் கட்டி நில்லுங்கள். குறுகிய மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்று விதி சொல்கிறது. பஸ்ஸிடம் அதை எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

நின்ற இடத்திலிருந்து மறுபடி கிளம்ப முடியவில்லை என்றால், முதல் கியரில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் பெடலைச் சுற்றிக் கியரை இறக்குங்கள். இரண்டு பிரேக்கையும் பிடித்து, ஒரு பெடலைக் கடிகாரத்தின் 2 மணி நிலைக்குக் கொண்டுவந்து, சாலைக்குக் குறுக்குச் சாய்வாக வைத்து மிதியுங்கள். அந்த முதல் அரைச்சுற்றுக்குச் சாய்வு பாதியாகக் குறையும்.

முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் அலைகிறது

சுமை முழுக்கப் பின்னால் இருக்கிறது. கேரியரின் மேல் கட்டிய மூட்டையைவிடப் பக்கவாட்டுப் பையில் கீழே வைத்த கனம் பாதி தொல்லைதான் தரும். தண்ணீர், கருவி, பூட்டு, உதிரி டியூப் இவற்றை சட்டத்தின் நடுவிலோ ஹேண்டில் பையிலோ வையுங்கள். கேரியரின் மேல் தட்டில் தூக்கப் பையும் துணியும் போதும்.

முட்டி வலிக்கிறது

எங்கே வலிக்கிறது என்பதுதான் கேள்வி. முட்டியின் முன்பக்கம், சில்லுக்குக் கீழே என்றால் சீட் தாழ்வாக இருக்கிறது, அல்லது கனமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிக்கிறீர்கள். பின்பக்கம் என்றால் சீட் உயரம் அதிகம். ஒரு தடவைக்கு 3 முதல் 5 மி.மீ. மட்டும் மாற்றி, அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஒரேயடியாக ஒரு செ.மீ. ஏற்றினால் முன்வலி போய்ப் பின்வலி வந்து நிற்கும். மாற்றுவதற்கு முன் சீட் தண்டில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். நிமிடத்துக்கு 60 சுற்றுக்குக் குறையாமல் மிதிக்கிற கியரில் ஏறுவது எந்த மாத்திரையையும்விட உதவும்.

அழுத்தி மிதிக்கும்போது செயின் தாவுகிறது

இதில் நான்கு காரணம் உண்டு. சுலபமானதிலிருந்து பார்த்துக்கொண்டு வரலாம்.

ஒரே ஒரு கியரில் மட்டும் தாவி, பக்கத்துப் பல்லில் உரசுகிற சத்தமும் வந்தால் கேபிள் நீண்டிருக்கிறது. பின் டீரெய்லரில் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள உருளைத் திருகை, பின்னால் நின்று பார்க்கும்போது இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்புங்கள். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் இடஞ்சுழி, சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலஞ்சுழி. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம்.

எல்லாக் கியரிலும், ஒரே சீரான இடைவெளியில் தாவினால் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. செயினைப் பின்பக்கம் மெல்லச் சுற்றினால் டீரெய்லரின் சின்னச் சக்கரத்தில் அந்தக் கண்ணி மட்டும் மடங்காமல் துள்ளும். அதை இரண்டு கட்டைவிரலாலும் பக்கவாட்டில் முன்னும் பின்னும் வளைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

பல கியரில், ஏற்றத்தில் மட்டும் தாவினால் தேய்மானம். சாதாரண ஸ்டீல் ஸ்கேல் போதும். புதுச் செயினில் 24 ஊசி இடைவெளி சரியாக 12 அங்குலம். அது 12 அங்குலமும் பதினாறில் ஒரு பங்கும் காட்டினால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் கேசட்டும் போய்விட்டது. புதுச் செயின் மட்டும் போட்டால் முன்பைவிட மோசமாகத் தாவும், ஏனென்றால் பழைய பல் பழைய செயினோடு சேர்ந்தே தேய்ந்தது. இதை மலையில் ஏறி நின்றுகொண்டு கண்டுபிடித்துப் பயனில்லை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அளந்துவிடுங்கள்.

நான்காவது, டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைவது. பஸ்ஸில் ஏற்றி வந்த சைக்கிளுக்கும் வலப்பக்கம் சாய்ந்து விழுந்த சைக்கிளுக்கும் இது வரும். பின்னாலிருந்து பார்த்தால் டீரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரமும் கேசட்டுக்கு இணையாக நிற்காமல் உள்ளே சாய்ந்திருக்கும். இதன் ஆபத்து தாவுவதோடு நிற்காது. முதல் கியருக்கு மாற்றும்போது டீரெய்லர் சக்கரத்துக்குள் போய் ஸ்போக்ஸ் கம்பியில் மாட்டிக்கொள்ளும். உங்கள் சட்டத்துக்குப் பொருந்தும் உதிரி ஹேங்கர் ஒன்று கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சட்டத்துக்கும் வடிவம் வேறு, ஊட்டியில் தேடினாலும் கிடைக்காது. அதை மாற்றும் வரை கடைசி இரண்டு பெரிய பல்லைத் தொடாமல் ஓட்டுங்கள்.

செயின் பெரிய பல்லைத் தாண்டிக் கம்பிப் பக்கம் விழுகிறது

ஹேங்கர் நேராக இருந்தால் டீரெய்லரில் எல் (L) என்று குறித்த எல்லைத் திருகை எட்டில் ஒரு சுற்று உள்ளே திருப்புங்கள். சின்னப் பல்லைத் தாண்டி வெளியே விழுந்தால் எச் (H) திருகு.

மிதிக்கிற தாளத்தில் 'டக் டக்' சத்தம்

எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் நின்றுவிட்டால் சீட் அல்லது சீட் தண்டு: கழற்றித் துடைத்து, லேசாக கிரீஸ் தடவிப் பொருத்துங்கள் (கார்பன் தண்டுக்கு கிரீஸ் வேண்டாம்). நின்றும் தொடர்ந்தால் ஒரு காலால் மட்டும் மிதித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பெடல். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ் என்பதை மறக்க வேண்டாம். கிராங்கை (பெடலைத் தாங்கும் தண்டை) பிடித்துச் சட்டத்தை நோக்கி உள்ளும் வெளியும் அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? இடது கிராங்க் தளர்ந்திருக்கலாம். இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. தளர்ந்த அலுமினியக் கிராங்கில் பத்து கிலோமீட்டர் மிதித்தால் உள்துளை சிதைந்துவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

கை நடுங்குகிறது, கண் இருட்டுகிறது, எரிச்சல் வருகிறது

சைக்கிளில் அல்ல, ஆளில். பெரும்பாலும் பசி. ஏற்றத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இரண்டு வாழைப்பழம் ஏறக்குறைய 50 கிராம். பசி எடுத்தபின் சாப்பிட்டால் வேலை செய்ய இருபது நிமிடம் ஆகும், ஆகவே கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். குன்னூர் பாதையில் பர்லியாறில் பழக்கடைகள் உண்டு. வால்பாறைப் பாதையில் ஆழியாறு சாவடியைத் தாண்டினால் கடை அபூர்வம், கீழேயே கடலை மிட்டாயும் பழமும் வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டும் தலைவலி, வாய் வறட்சி, அடர் மஞ்சள் சிறுநீர் என்றால் நீர்க்குறைவு. வேர்வை அதிகமாகி வெறும் தண்ணீரே குடித்துக்கொண்டிருந்தால் குமட்டலும் வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இதைச் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். உப்பைக் கூட்டிப் போட்டால் நல்லதைவிடக் கெடுதல் அதிகம். ஊட்டியின் உயரம் ஏறக்குறைய 2,240 மீட்டர். அந்த உயரத்தில் வரும் தலைவலியை உயர நோய் என்று பயப்படுவதற்கு முன் தண்ணீரையும் தூக்கத்தையும் சரிபாருங்கள். நீலகிரியில் ஒரு முறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு. சொந்த பாட்டிலில் சாலையோரத் தண்ணீர் ஏடிஎம்மில் பிடித்துக்கொள்ளலாம்.

இறங்கும்போது

முதலில் ஒரு கணக்கு. அதே 92 கிலோ, குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1,500 மீட்டர் கீழே வருகிறது. அந்த ஆற்றல் நாலரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்று தின்பது போக மீதி முழுவதும் உங்கள் பிரேக்கில் வெப்பமாகத்தான் இறங்கும். கீழே உள்ள கோளாறுகளில் பாதி இந்த வெப்பத்தின் பிள்ளைகள்.

பிரேக் லீவர் ஹேண்டிலைத் தொடுகிறது

ஓரம் கட்டி நில்லுங்கள். அடுத்த வளைவு வரை பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

கேபிள் பிரேக் என்றால் லீவர் அருகே உள்ள உருளைத் திருகை வெளியே திருப்பி இறுக்குங்கள். லீவரை முழு பலத்தோடு பிடித்தாலும் ஹேண்டிலுக்கு இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். திருகு ஏற்கெனவே முழுக்க வெளியே வந்திருந்தால், அதை உள்ளே திருப்பிவிட்டு, பிரேக்கில் கேபிளைக் கவ்வும் போல்ட்டைத் தளர்த்தி, கேபிளை 3 அல்லது 4 மி.மீ. இழுத்து இறுக்குங்கள். கேபிள் டிஸ்க் பிரேக் பலவற்றில் வெளிப்பக்கப் பேட் மட்டுமே நகரும். உள்பக்கப் பேடைச் சக்கரத்தின் பக்கமிருந்து தனியே ஒரு திருகால் நெருக்க வேண்டும். பலர் கேபிளையே இறுக்கிக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள். வட்டு ஒரு பக்கமாக வளைந்து, பிரேக் பலம் பாதியாகிவிடும்.

எண்ணெய் பிரேக் என்றால் இரண்டு வழியில் ஆராயலாம். நாலைந்து முறை லீவரை அழுத்தினால் கெட்டிப்பட்டு, பிறகு மறுபடி தளர்கிறதா? உள்ளே காற்று. காலையில் நன்றாக இருந்து, நீண்ட இறக்கத்தில் மட்டும் தளர்ந்ததா? எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ் வந்திருக்கிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் திரும்ப வந்துவிடும், ஆனால் அன்றைக்கு அதை நம்பி வேகம் எடுக்கக் கூடாது. ஊருக்குப் போய் எண்ணெய் மாற்றுங்கள். மினரல் ஆயில் கேட்கும் பிரேக்கில், மோட்டார் பைக் கடையில் கிடைக்கும் டாட் எண்ணெயை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். ஒரு சொட்டுகூடக் கலக்க வேண்டாம்.

பேட் தேய்மானத்தையும் அப்போதே பாருங்கள். டிஸ்க் பேடில் தகட்டின்மேல் உள்ள உராய்வுப் பொருள் அரை மி.மீ. ஆகிவிட்டால் முடிந்தது. ரிம் பிரேக் கட்டையில் குறுக்கு வரிப் பள்ளம் மறைந்துவிட்டால் மாற்ற வேண்டும். மழையில் சேறும் மணலும் சேர்ந்தால் ஒரே இறக்கத்தில் புதுக் கட்டையும் பாதியாகும். ஒரு ஜோடி உதிரி கட்டாயம். மலையுச்சிக் கடையில் உங்கள் வடிவத்துக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கருகல் வாசனை, பிடிப்பு குறைகிறது, கிறீச்சிடுகிறது

தொடர்ந்து லேசாகப் பிடித்தபடியே இறங்கியிருப்பீர்கள். அப்படி உரசிக்கொண்டே வந்தால் பிரேக்குக்கு ஆற நேரமே கிடைக்காது. வளைவுக்கு முன் நேரான பகுதியில் இரண்டையும் நன்றாகப் பிடித்து வேகத்தை அடக்கி, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். நேரான இடத்தில் காற்று கொஞ்சம் வேகத்தைத் தின்னட்டும். நிமிர்ந்து உட்கார்ந்தால் உங்கள் நெஞ்சே ஒரு பிரேக். பின்பிரேக்கை மட்டும் நம்புவது பழைய பழக்கம். இறக்கத்தில் எடை முன்னால் சாய்வதால் பின்சக்கரம் சீக்கிரம் பூட்டிச் சறுக்கும், அதிக வேலையை முன்பிரேக்தான் செய்ய முடியும்.

நின்று ஆறவிடும்போது ரிம்மிலும் டிஸ்க்கிலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூட்டில் குளிர் பட்டால் டிஸ்க் வளையலாம்.

ஆறிய பிறகும் கிறீச்சிட்டால் பேடின் முகம் கண்ணாடி மாதிரி மின்னுகிறதா என்று பாருங்கள். 120 எண் உப்புத்தாளில் மேற்பரப்பு மங்கும் வரை தேய்த்தால் போதும். எண்ணெய் பட்ட டிஸ்க் பேடைத் தேய்த்துக் காப்பாற்ற முயன்று நேரம் வீணாக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். ரிம் பிரேக் கட்டையில் வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தால் ஊசியால் நோண்டி எடுங்கள். அது ரிம்மையே அரைக்கிறது. கட்டையின் முன்முனை பின்முனையைவிட ஒரு மி.மீ. முன்னதாக ரிம்மைத் தொடுமாறு சாய்த்துப் பொருத்தினால் கத்தல் அடங்கும்.

புதுப் பேட் போட்டவுடனே மலை இறங்கக் கூடாது. சமவெளியில் 25 கி.மீ. வேகத்திலிருந்து நடைவேகத்துக்கு இருபது முப்பது முறை பிடித்துப் பதப்படுத்திய பின்தான் முழுப் பிடிப்பு வரும்.

ரிம் பிரேக் சைக்கிளில் டியூப் 'டப்' என்று வெடித்தது, முள் எதுவும் இல்லை

ரிம்மைத் தொட்டுப் பாருங்கள், விரல் நுனியால் மட்டும். இரண்டு விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அதுதான் காரணம். சூட்டில் உள்காற்று விரிந்து, ரிம் டேப் இளகி நகர்ந்து, ஸ்போக்ஸ் துளையின் ஓரத்தில் டியூப் பிதுங்கி வெட்டுப்படும். டியூபில் ஓட்டை உள்பக்கம், அதாவது ரிம்மைப் பார்த்த பக்கம் இருக்கும். இளகும் ரப்பர் டேப்புக்குப் பதில் துணி டேப் ஒட்டுங்கள். ஆற வைக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் வெடிக்கும். ஊட்டி–மசினகுடி பாதையிலுள்ள கல்லட்டி போன்ற 36 வளைவுச் செங்குத்தில் ரிம் பிரேக்கோடு பையும் கட்டிக்கொண்டு இறங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். தலைக்குந்தா சாவடியில் வெளியூர் வண்டிகளுக்கு இறங்கக் கட்டுப்பாடு உண்டு. கீழே முதுமலைப் புலிகள் காப்பகம். சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்று அன்றைக்கே அங்கே கேட்டுக்கொண்டுதான் திட்டமிட வேண்டும்.

நாற்பதைத் தாண்டினால் சைக்கிள் முழுவதும் பாம்பு மாதிரி நெளிகிறது

அந்த நொடியில் செய்ய வேண்டியது: ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், பிடி தளரட்டும். இரண்டு முட்டியாலும் சட்டத்தின் மேல்குழாயைக் கவ்வுங்கள். சீட்டிலிருந்து அரை அங்குலம் எழுந்து, பிரேக்கை மெல்லப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். ஹேண்டிலோடு மல்லுக்கட்டினால் நெளிவு கூடும்.

நின்றபின் காரணம் தேடுங்கள். முன்பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹெட்செட்டில் (ஹேண்டில் திரும்பும் பேரிங்கில்) 'டொக்' என்று தட்டுப்பட்டால் அது தளர்ந்திருக்கிறது. முதலில் ஸ்டெம்மின் (ஹேண்டிலைத் தாங்கும் துண்டின்) பக்கவாட்டு போல்ட்டைத் தளர்த்தி, மேல்மூடித் திருகை ஆட்டம் போகும் வரை மட்டும் இறுக்கி, பிறகு பக்கவாட்டு போல்ட்டை இறுக்க வேண்டும். வரிசை மாறினால் பயனில்லை. ஹெட்செட் சரி என்றால் பையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கீழ்க்கொக்கி மாட்டாத பை, ஒரு பக்கம் மட்டும் கனமான பை, கேரியர் மேல் குவித்த மூட்டை, இவைதான் பெரும்பாலும் குற்றவாளி.

விரல் மடங்கவில்லை

ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 6 டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் 32 என்றால் ஊட்டியில் 20. அதில் வேர்த்த சட்டையோடு 40 கி.மீ. வேகக் காற்றில் இறங்கினால் பத்தே நிமிடத்தில் விரல் விறைத்து லீவரை இழுக்க முடியாமல் போகும். உச்சியிலேயே உலர்ந்த பனியனுக்கு மாறி, காற்று புகாத மேல்சட்டையும் கையுறையும் போடுங்கள். எதுவும் இல்லையா, டீக்கடையில் பழைய செய்தித்தாள் கேட்டுச் சட்டைக்குள் நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறும்போதும் இறங்கும்போதும்

பஞ்சர், மறுபடி பஞ்சர்

டியூபைக் கழற்றும்போது வால்வு டயரின் எந்த எழுத்துக்கு நேராக இருந்தது என்று பார்த்து வையுங்கள். டியூபில் ஓட்டை கிடைத்ததும் டயரில் அதே இடத்தைத் தேடலாம். வெளிப்பக்கம் ஒற்றைத் துளை என்றால் முள்ளோ கம்பியோ. மலையடிவாரம் வரைக்கும் கருவேல முள், நெடுஞ்சாலையில் வெடித்த லாரி டயரின் மெல்லிய எஃகு இழை. இந்த இழை கண்ணுக்குத் தெரியாது. பஞ்சை டயரின் உள்பக்கம் சுற்றித் தடவினால் சிக்கும், குறடால் பிடுங்குங்கள். அதை எடுக்காமல் எத்தனை ஒட்டு போட்டாலும் அதே இடத்தில் போகும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்று குறைவாக வைத்துப் பள்ளத்தில் இடித்திருக்கிறீர்கள். சுமையோடு 35 மி.மீ. டயருக்குப் பின்னால் 60 பிஎஸ்ஐ, முன்னால் 50 என்று தொடங்கலாம். வால்வின் அடியில் கிழிந்திருந்தால் ஒட்டு நிற்காது, டியூபைத் தூக்கிப் போடுங்கள்.

ஒட்டும்போது அவசரம்தான் முதல் எதிரி. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை ஒட்டுத் துண்டைவிடப் பெரிய வட்டமாக மெல்லியதாகப் பூசி, ஐந்து நிமிடம் காயவிடுங்கள். மினுமினுப்பு போய்த் தொட்டால் விரலில் ஒட்டாத பதத்தில் ஒட்டுத் துண்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்த வேண்டும். தூறலில் இது நடக்காது. ஆகவே இரண்டு உதிரி டியூப்.

வால்வு விஷயம் தனி. ஊர்ப் பஞ்சர் கடையில் இருப்பது வால் டியூப் போட்ட சாதா சைக்கிளுக்கும் மோட்டார் பைக்குக்கும் உள்ள பம்ப். மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ளவர்கள் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே மாட்டி வையுங்கள். பெட்ரோல் பங்க் கம்ப்ரஸரில் ஒரே மூச்சாகப் பிடிக்காதீர்கள், அரை விநாடி வீதம் விட்டு விட்டு அடியுங்கள். 700 அளவு டியூப் கிடைக்காத ஊரில் 27.5 டியூபை இழுத்துப் போட்டு ஓட்டலாம், ஊர் போய்ச் சேரத் தாங்கும்.

டயரின் பக்கச்சுவரே கிழிந்தால், பழைய டயரின் மெல்லிய துண்டையோ தீர்ந்த பற்பசை டியூப் துண்டையோ உள்பக்கம் வைத்து, காற்றைக் கொஞ்சம் குறைத்து அடித்து ஓட்டுங்கள்.

பின்சக்கரம் அலைகிறது, 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தது

ஸ்போக்ஸ் கம்பி முறிந்திருக்கிறது, பெரும்பாலும் கேசட் பக்கம். முறிந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிக் கட்டுங்கள். வலப்பக்கக் கம்பி போனால் ரிம் அந்த இடத்தில் இடப்பக்கம் இழுபடும். ஆகவே அதற்கு இருபுறமும் உள்ள இடப்பக்கக் கம்பிகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். வலப்பக்கத்தை ஒரேயடியாக இறுக்கினால் அடுத்த கம்பியும் முறியும். ரிம் பிரேக் உரசினால் பிரேக்கைக் கொஞ்சம் அகல வைத்து, பின்சுமையை முன்னுக்கு மாற்றி, மெதுவாகப் போகலாம். ஊர்ச் சைக்கிள் கடையில் பெண்டு எடுக்கத் தெரியாத ஆள் கிடையாது. ஆனால் உங்கள் கேசட்டைக் கழற்றும் கருவியும் சரியான நீளக் கம்பியும் அவரிடம் இருக்காது. அந்தக் கருவியும் மூன்று கம்பியும் பையில் இருந்தால் அவரே அரை மணியில் முடித்துவிடுவார். இரண்டு நாளில் இரண்டாவது கம்பி முறிந்தால், ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்காமல் சக்கரத்தையே மறுபடி கட்டச் சொல்லுங்கள்.

கேரியர் ஆடுகிறது

எம்5 போல்ட் கழன்றிருக்கும். 4 மி.மீ. ஆலன் கீயால் தினமும் காலையில் ஒரு தடவை தொட்டுப் பார்த்தால் இந்தத் தலைப்பே தேவையில்லை. போல்ட் விழுந்து தொலைந்தால் பாட்டில் தாங்கியின் போல்ட்டைக் கழற்றிப் போடுங்கள், அதுவும் எம்5தான்.

முன்னால் பஸ்ஸும் காரும் நிற்கின்றன, யாரும் ஹாரன் அடிக்கவில்லை

யானை. முந்திக்கொண்டு முன்னால் போய்ப் பார்க்காதீர்கள். கடைசி வண்டியின் பின்னால், இயன்றால் பஸ்ஸின் மறைவில் நில்லுங்கள். மணி, விளக்கு, போட்டோ எதுவும் வேண்டாம். தனியாக இருக்கும்போது எதிரே தெரிந்தால் நூறு மீட்டராவது இடைவெளி விட்டு, சைக்கிளைத் திருப்பி, வந்த வழியே போங்கள். இறக்கப் பக்கம் தப்பிக்கும் வசதி இருக்கும், ஏற்றத்தில் யானையின் வேகத்தை உங்களால் முந்த முடியாது. கல்லாறு, பர்லியாறு, வால்பாறைப் பகுதிகளில் காலை 7-க்கு முன்பும் மாலை 5-க்குப் பிறகும் ஓட்டாமல் இருந்தால் இந்தச் சந்திப்பு பெரும்பாலும் நேராது. கோத்தகிரி, குன்னூர்த் தேயிலைத் தோட்டப் பக்கம் காட்டெருமை நிற்கும். சாலையின் ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் கன்றும் இருந்தால் நடுவே புகாதீர்கள்.

மேப் காட்டும் குறுக்கு வழியில் கேட் பூட்டியிருக்கிறது

எஸ்டேட் சாலை. காவலாளியிடம் கெஞ்சி உள்ளே போனாலும் மறுமுனையில் இன்னொரு கேட் இருக்கும். திரும்பிவிடுங்கள். மழைக்காலத்தில் இன்னொரு வகைப் பூட்டும் உண்டு: அக்டோபர், நவம்பரில் மேட்டுப்பாளையம்–குன்னூர்ச் சரிவில் மண் சரியும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வால்பாறையில் கொட்டும். அந்த மாதங்களில் கிளம்பும் காலையில் மேலிருந்து வந்த பஸ் டிரைவரைக் கேட்பதே நம்பகமான வழி.

எதுவும் சரியாகவில்லை, இருட்டப் போகிறது

நீலகிரியிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் லாரிகள் திரும்பும்போது காலியாக ஏறும். ஓரமாக, டிரைவர் தூரத்திலிருந்தே பார்க்கிற நேரான பகுதியில் நின்று கை காட்டுங்கள். வளைவில் நின்றால் மனமிருந்தாலும் நிறுத்த மாட்டார். ஏற்றுமுன் வாடகையைப் பேசிவிடுங்கள், பையை நீங்களே கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், டீரெய்லர் இருக்கும் வலப்பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள்.